கொதிநெய்யும் கொள்கைச் சண்டையும்

(சுசீந்திரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசியல் கருத்து வேறுபாடு பற்றிப் பேசச் சொன்னார்கள். குற்றத்துக்கு என்ன தண்டனை, பிழைக்க வந்தவர்களை எப்படி நடத்துவது, மதுவையும் கஞ்சாவையும் எப்படிக் கட்டுப்படுத்துவது, காலநிலை மாற்றத்துக்கு யார் விலை கொடுப்பது. இன்று உலகம் முழுக்க இந்த நான்கிலும்தான் பெரும் சண்டை. நம் வீடுகளிலும் அப்படித்தான். இவற்றால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பங்கள் எனக்குத் தெரியும். டெல்லியையும் வாஷிங்டனையும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் சுசீந்திரத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேச எனக்கு மனம் வரவில்லை. குற்றத்தை எப்படி நிரூபிப்பது என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் மலையாள நாடு பதில் தேடி வந்த இடம் இந்த ஊர்க் கோயில்.

அந்த வழக்கத்துக்குப் பெயர் கைமுக்கு. வரலாற்றாசிரியர் கே.கே. பிள்ளை 1953-ல் வெளிவந்த தம் சுசீந்திரம் கோயில் ஆய்வில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம்பூதிரிப் பெண் ஒருத்தி மீது ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்டால் ஸ்மார்த்த விசாரம் என்ற சாதி விசாரணை நடக்கும். அவளை அஞ்சாம்புரை என்ற தனியிடத்தில் அடைத்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். அவள் சொல்லும் ஆண்கள் குற்றவாளிகள் ஆவார்கள். மறுக்கிற நம்பூதிரி தன் சுத்தத்தைக் காட்ட இங்கே வர வேண்டும். சன்னிதியில் நெய்யைக் கொதிக்க வைப்பார்கள். சிறிய உலோக விக்கிரகம் ஒன்றை அதற்குள் போடுவார்கள். அவர் வெறுங்கையை விட்டு அதை எடுக்க வேண்டும். எடுத்த கையைத் துணியால் சுற்றி முத்திரை வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்ப்பார்கள். கொப்புளம் இல்லையென்றால் நிரபராதி. இருந்தால் சாதியை விட்டு வெளியே. அந்தப் பெண்ணுக்கு இந்தச் சோதனைகூடக் கிடையாது.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் இது நிறுத்தப்பட்டது. அதாவது, 19-ஆம் நூற்றாண்டு வரை இந்த மதிலுக்குள் இது நடந்திருக்கிறது.

இதை நடத்தியவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இந்திரனே சாபம் நீங்கிச் சுத்தமான தலம் இது, இங்கே தெய்வம் பொய் சொல்லாது என்று முழு மனதோடு நம்பினார்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த முறை தப்பினால் அதைத் தெரிந்துகொள்ள இதற்குள் வழியே இல்லை. கை வெந்ததா, அவன் குற்றவாளி. ஏன் வெந்தது? குற்றவாளி என்பதால். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கலாம். எத்தனை நிரபராதிகளின் கை வெந்தது என்று கணக்குப் பார்க்க ஒருவருக்கும் தோன்றியிருக்காது. நிரபராதியின் கை வேகும் என்பதே அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இன்னொன்று, தீர்ப்புச் சொன்னவர்கள் ஒருவர் கையும் அந்த நெய்க்குப் பக்கத்தில் போகவில்லை.

இன்றைய சண்டைகளில் நான் கேட்பது இவ்வளவுதான். தண்டனையைக் கூட்டு, மதுவை ஒழி, வந்தவனை அனுப்பு, மணலைத் தோண்டு என்று சொல்கிறவர், தாம் சொல்வது தவறாகப் போனால் அது எப்படித் தெரியவரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவறினால் யார் கை வேகும் என்பதையும் சொல்ல வேண்டும். மறுத்துப் பேசுகிறவருக்கும் இதே கடமை உண்டு.

குற்றத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் நம் மண்ணுக்கு இந்தியாவில் வேறு பலருக்கு இல்லாத அனுபவம் இருக்கிறது. 1944-ல், நாம் அன்று இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் மரண தண்டனையை ஒழித்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா, சி.பி. ராமசுவாமி ஐயர் திவான். அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் தூக்கு இருந்தது. இங்கிலாந்திலேயே கொலைக்குத் தூக்கு நிறுத்தப்பட்டது 1965-ல்தான். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையில் கொலை செய்தவன் தூக்குமேடை ஏறலாம். இந்தப் பக்கம் நாஞ்சில் நாட்டில் செய்தவன் ஏற மாட்டான். சில ஆண்டுகள் இந்த நிலை இருந்தது. பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து இந்தியச் சட்டம் இங்கும் வந்தபோது தூக்கும் திரும்பி வந்தது.

அதனால் ஒரு கணக்கு கிடைத்தது. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை திருவிதாங்கூரில் 962 கொலைகள். தூக்கு திரும்பிய 1950 முதல் 1955 வரை 967. மரண தண்டனை பற்றி இந்தியாவில் நடந்த விவாதங்களில் இந்த இரண்டு எண்களும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டிருக்கின்றன.

நான் தூக்குக்கு எதிரானவன். எதிரானவன் என்பதாலேயே இந்தக் கணக்கைக் கவனமாகக் கையாள வேண்டியவன். தூக்கு கொலையைக் கூட்டும் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை பெருகியது. போருக்குப் பிந்திய அரிசிப் பஞ்சம், ஆட்சி மாற்றம், எல்லைக் கலவரம் எல்லாம் இடையில் வந்தன. இந்த எண்கள் சொல்வது குறைவுதான்: கயிற்றை எடுத்தால் கொலை பெருகிவிடும் என்ற பயத்துக்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை, கயிறு வந்தால் கொலை குறையும் என்ற நம்பிக்கைக்கும் கிடைக்கவில்லை. குறைவாகச் சொன்னாலும் கைமுக்கினால் ஒருநாளும் சொல்ல முடியாததை இது சொல்கிறது. ஒரு நம்பிக்கையை எடுத்து உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இதில் வழி இருக்கிறது.

தூக்கை ஒழித்ததாலேயே அந்த அரசு கருணையுள்ள அரசு ஆகிவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். இரண்டே ஆண்டுகளில், 1946 அக்டோபரில், அதே திவானின் ஆட்சியில் புன்னப்புரா வயலாரில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. சமஸ்தான ஆட்சி முடிந்த பிறகும், 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த் தமிழகத்தோடு சேரக் கேட்டவர்கள் சுடப்பட்டார்கள். அப்போது முதலமைச்சர் பட்டம் தாணுப் பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா தம் சொந்தக் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்று கேட்டார். கட்சி அதை ஏற்கவில்லை. லோகியாவின் மற்றக் கருத்துகளில் எனக்குப் பலவற்றோடு உடன்பாடு இல்லை. ஆனால் தன் பக்கத்துக் கை செய்ததைத் தன் வாயால் குற்றம் என்று சொன்ன அந்த ஒரு செயலுக்காக அவரை மதிக்கிறேன்.

நாம் அப்படி இருக்கிறோமா? 2011 ஆகஸ்டில் ராஜீவ் கொலை வழக்கில் மூவரைத் தூக்கிலிடக் கூடாது என்று தமிழ்நாடே எழுந்தது. சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மரண தண்டனை நாகரிகமற்றது என்று மேடைக்கு மேடை பேசினோம். அடுத்த ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடூரத்தைக் கேட்டபோது அதே வாய்களில் பல தூக்கு கேட்டன. இரண்டுக்கும் பின்னால் இருந்தது உண்மையான வேதனைதான். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் நமக்கு வேண்டியவரா வேண்டாதவரா என்பதை வைத்து மாறுகிற ஒன்றைக் கொள்கை என்று சொல்ல முடியாது.

பக்கத்து ஊர் டீக்கடை ஒன்றில் நடந்த பேச்சு. பெண் பிள்ளைகளுக்கு எதிரான ஒரு வழக்குச் செய்தி பேப்பரில் வந்திருந்தது. என் வயதுக்காரர் ஒருவர் சொன்னார்: "நடுரோட்டுல வச்சு சுடணும் வே இவனுகள. கோர்ட்டு என்ன கோர்ட்டு?" நான் கேட்டேன்: "சுட்ட பொறவு ஆள் மாறிப் போச்சுன்னு தெரிஞ்சா என்ன செய்வீரு?" அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி வே. கோர்ட்டுலயே விடும். அந்தப் பிள்ளைக்க அம்மைக்கு எத்தன வருசம் கழிச்சுப் பதில் சொல்லுவேரு?"

அவருடைய கேள்வி என் கேள்விக்குக் குறைந்தது அல்ல. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தது 2019-ல். ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2025 மே மாதம். தூக்குக்கும் என்கவுன்டருக்கும் எதிராகப் பேசுகிற என் போன்றவர்கள் அந்த ஆறு ஆண்டுகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நீதிபதி இடங்களை நிரப்புவது, தடய அறிவியல் கூடங்களைப் பெருக்குவது, சாட்சிகளைக் காப்பது, இவையெல்லாம் மேடையில் கைதட்டு வாங்கும் பேச்சுகள் அல்ல. ஆனால் தண்டனையின் கடுமையைவிட அது நிச்சயம் வரும், சீக்கிரம் வரும் என்பதுதான் குற்றம் செய்யப் போகிறவனைத் தடுக்கும் என்று குற்றவியல் ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன.

குற்றம் எது என்பதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வைக்கம் போராட்டத்துக்குப் பின் 1926-ல் இதே சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்திய சத்தியாகிரகம் எதற்காக? இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாச் சாதியாரும் நடப்பதற்காக. நாம் இன்று வந்து சேர்ந்த தெருவில் கால் வைப்பது அன்று சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. பத்தே ஆண்டில், 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கோயிலுக்குள்ளேயே போகலாம் என்றானது.

இனி மது. 2015 ஜூலை 31-ஆம் தேதி நம் மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம் உண்ணாமலைக்கடையில், டாஸ்மாக் கடையை அகற்றக் கேட்டு செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். சேலம் மாவட்டத்துக்காரர். சேலத்தில்தான் 1937-ல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைத் தொடங்கினார். அந்த வருமான இழப்பை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரியே வந்தது. அந்த வரி நிலைத்துவிட்டது, மதுவிலக்கு நிலைக்கவில்லை. 1971-ல் தளர்ந்து, மறுபடி வந்து, 1981-ல் மறுபடி போய், 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2023-24-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,800 கோடி ரூபாய்க்கு மேல்.

பெண்கள் கூட்டங்களில் மதுவிலக்கு என்ற சொல் வரும்போது எழும் சத்தத்தைக் கேட்டவன் நான். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் சனிக்கிழமைச் சம்பளம் வீடு வந்து சேராத அனுபவம் இருக்கிறது. அதை எந்தப் புள்ளிவிவரத்தாலும் தள்ளிவிட முடியாது. ஆனால் முழு மதுவிலக்கு கேட்கும் நண்பர்களிடம் நான் கேட்பது: அது தோற்றால் எப்படித் தெரியும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கடை திறந்திருக்கும்போதே, கடைச் சரக்கு வாங்கக் காசில்லாத கூலிக்காரர்கள் செத்தார்கள். எல்லாக் கடையும் மூடினால் யார் கை வேகும்? வசதி உள்ளவன் களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் வாங்கிக்கொள்வான். கேரளமும் 1996-ல் சாராயத்தைத் தடை செய்தது, 2014-ல் பார்களை மூடத் தொடங்கியது, ஆட்சி மாறிய பின் 2017-ல் கொள்கையைத் திருப்பிக்கொண்டது. அரசை ஆதரித்துப் பேசுகிறவர்களிடமும் கேட்கிறேன்: குடிப்பவனைத் திருத்துவதற்கு இந்த 45,800 கோடியில் எவ்வளவு போகிறது என்று வருடா வருடம் வெளியிடச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் குடிநோய்ச் சிகிச்சைக்கு எத்தனை கட்டில்? என் நிலைப்பாடு இதுதான்: கடைகளைப் படிப்படியாகக் குறை, பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் பக்கத்தில் ஒன்றுகூட வைக்காதே, குறைத்த ஒவ்வொரு வட்டாரத்திலும் விபத்தும் கள்ளச்சாராய வழக்கும் குடும்ப வன்முறைப் புகாரும் ஏறியதா இறங்கியதா என்று கணக்கை வெளியே வை. இறங்கினால் அடுத்த வட்டாரத்துக்குப் போ.

கஞ்சா விஷயத்தில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பயன்படுத்துகிறவனுக்கும் சிறை சொல்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வருகிற அடிமைப்பட்டவனுக்கு வழக்கிலிருந்து விலக்கும் தருகிறது. இந்தப் பிரிவு பற்றி எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? போர்ச்சுகல் 2001-ல் சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அகப்பட்டவர்களை மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவிடம் அனுப்பியது. விற்பவனுக்குத் தண்டனை அங்கே இன்றும் உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு விற்கிறவனை நானும் மன்னிக்க மாட்டேன். வாங்கிய பிள்ளையைச் சிறைக்கு அனுப்பினால் அவன் அந்த விற்பனையாளனின் சங்காத்தத்தில்தான் வளர்வான்.

பிழைக்க வந்தவர்கள் பற்றி. வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு நம் மாவட்டத்தில் உண்டா? அதற்கும் முன்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனோம். 1948-ல் அந்த நாடு குடியுரிமைச் சட்டம் போட்டு அந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்கள் நீலகிரித் தேயிலையிலும் நம் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் இங்கிருந்து தூரமில்லை, பெருமாள்புரத்தில் இருக்கிறது. முகாமில் பிறந்து, நம் பள்ளியில் படித்து, நம் பேச்சு பேசுகிற பிள்ளைகளில் பலர் இன்னும் குடிமக்கள் இல்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தபோது இலங்கையைச் சேர்க்கவில்லை. இதை நாம் அநீதி என்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம்.

அப்படியானால் நாகர்கோவிலில் சாரம் கட்டி நிற்கும் பீகார்ப் பையனைப் பற்றிப் பேசும்போது குரல் ஏன் மாறுகிறது? அவன் வேறு நாட்டிலிருந்துகூட வரவில்லை. 2023 மார்ச்சில் வட இந்தியத் தொழிலாளர்கள் இங்கே அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவி, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிவைத்தது. வந்து விசாரித்தார்கள், பொய் என்று தெரிந்தது. அது நம் மீது வீசப்பட்ட பழி என்று கொதித்தோம். அதே கொதிப்பு, ஒரு திருட்டு நடந்ததும் வடக்கத்தியான்தான் என்று விசாரிக்காமல் சொல்லும்போதும் நமக்கு வர வேண்டும். உள்ளூர்க் கொத்தனாரின் குறை வேறு. தன் கூலி இறங்குகிறது என்கிறார். அது பொய்யல்ல, வெறுப்பும் அல்ல. அதற்கு மருந்து 1979-லேயே சட்டமாக வந்தது. வெளிமாநிலத் தொழிலாளரைக் கொண்டுவரும் கான்ட்ராக்டர் உரிமம் எடுத்து ஒவ்வொருவரையும் பதிய வேண்டும், சமகூலி கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆளை விரட்டச் சொல்கிற கூட்டத்தில் கான்ட்ராக்டரின் பதிவேட்டைக் கேட்டு ஒரு குரல் எழுந்து நான் கேட்டதில்லை.

கடைசியாகக் காலநிலை. இதை நம்புகிறாயா இல்லையா என்று கேட்பது வெளிநாட்டுச் சண்டை. 2017 நவம்பர் 30-ஆம் தேதிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. முந்தின நாள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலிலேயே ஒக்கிப் புயல் ஆனது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை, வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்த அவர்களைச் சேரவில்லை. டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள், ஹெலிகாப்டர் தளம் கேட்டார்கள். அதன்பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குத் தகவல் சொல்லும் கருவிகள் பற்றிய பேச்சு வேகம் பிடித்தது.

ஆக, இங்கே சண்டை வேறு. காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வலுவான காந்தம் வேண்டும், காந்தத்துக்கு அரியவகைத் தனிமங்கள் வேண்டும், அவை நம் கடற்கரையின் மோனசைட் மணலில் இருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் ஏற்கனவே ஆலை இருக்கிறது. இப்போது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தோண்டத் திட்டம். உலகத்தின் சூட்டைக் குறைக்க நம் கரையைத் தோண்டு என்கிறார்கள். நான் முப்பந்தல் காற்றாலைகளை விரும்புகிறவன், நிலக்கரி போக வேண்டும் என்கிறவன். அதனாலேயே இந்தத் திட்டத்தை ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. ஆனால் தோண்டிய பிறகு கதிரியக்க அளவு, கிணற்றுநீர், கடலரிப்பு ஆகியவற்றை யார் அளப்பார்கள்? தோண்டுகிற நிறுவனமே அளந்து நிறுவனமே சான்று கொடுத்தால், மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துப் பார்ப்பவர்களும் அவர்களே என்றாகிவிடும். சுதந்திரமான அளவீடும், எந்த அளவைத் தாண்டினால் வேலை நிறுத்தப்படும் என்ற வரம்பும் முன்னாலேயே எழுதப்படாதவரை நான் எதிர்ப்பவர்களோடு நிற்பேன்.

மணலைப் போலத் தண்ணீருக்கும் இங்கே போட்டி உண்டு. சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 94 ஹெக்டேர். கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ நெற்சாகுபடிக்கு மடை திறக்க வேண்டும். தாமரை எடுத்தவருக்கு இலையும் பூவும் வேண்டும். நான்குவழிச் சாலைக்குக் குளங்களும் மண்ணும் வேண்டியிருந்தன. இந்தத் தகராறுகளில் எந்தப் பக்கத்திலும் கெட்டவர்கள் என்று நான் யாரையும் பார்க்கவில்லை.

அந்தத் தேரூரில் 1876-ல் பிறந்தவர் கவிமணி. மகன் இருக்க, சகோதரி மகனான மருமகனுக்குச் சொத்து போகும் முறையை எதிர்த்து மருமக்கள்வழி மான்மியம் எழுதினார். அந்த முறையை ஆதரித்தவர்களும் இதே வீதிகளில் இருந்த உறவினர்கள்தான். ஒரு வீட்டுக்குள்ளேயே அப்பாவும் மாமாவும் எதிர்ப்பக்கம். கோர்ட்டில் வழக்கு நடத்தினார்கள், கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. தோற்ற பக்கத்தை ஊரை விட்டு யாரும் துரத்தவில்லை. அடுத்த தலைமுறையில் அந்தக் குடும்பங்கள் பெண் கொடுத்து எடுத்துக்கொண்டன. அந்தச் சண்டையில் ஈடுபட்டவர்கள் நம்மைவிடச் சாதுவானவர்கள் அல்லர். ஆனால் எதிராளி சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதினார்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. கேள்விகளுக்கு அரைமணி நேரம் வைத்திருக்கிறார்கள். தூக்கு வேண்டும் என்று நினைப்பவர்கள், கடைகளை நாளைக்கே மூட வேண்டும் என்பவர்கள், மணல் எடுத்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பவர்கள் முதலில் எழுந்து பேசுங்கள். என்னோடு உடன்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.